டாட் காமா, டாட் இன்னா? உள்ளூர் வியாபாரத்துக்கு ஏற்ற டொமைன் பெயர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. மெயில் பார்க்கவும், பாட்டுக் கேட்கவும், டிக்கெட் போடவும் பழகிவிட்டீர்கள். அடுத்ததாகப் பலருக்கும் வரும் ஆசை, "நம் கடைக்கும் ஒரு வெப்சைட் வைத்தால் என்ன?" என்பதுதான். நல்ல ஆசை. ஆனால் முதல் படியிலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். கடையின் பெயருக்குப் பின்னால் டாட் காம் போடுவதா, டாட் இன் போடுவதா?

"டாட் இன் போட்டால் உள்ளூர்க்காரர்கள் கூகுளில் தேடும்போது நம் கடைதான் முதலில் வரும்" என்று சிலர் சொல்வார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் பணம் கட்டிவிட்டு, "சைட் வைத்தும் ஒருவரும் வரவில்லையே" என்று பின்னால் வருத்தப்படுவதில் பயனில்லை. அந்த மீதிப் பாதியை இங்கே பார்ப்போம்.

டொமைன் பெயர் என்றால் என்ன?

இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. அதை ஐ.பி. முகவரி என்பார்கள். அந்த நீண்ட எண்ணை நாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அதற்குப் பதிலாகப் பெயர் வைத்துக்கொள்கிறோம். போனில் நண்பரின் எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்து வைப்பது மாதிரிதான். பிரவுசரில் நீங்கள் பெயரை டைப் செய்ததும் அதற்குரிய எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர்.

டொமைன் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதே அதன் குடும்பப் பெயர். காம், நெட், ஆர்க் போன்றவை எல்லா நாட்டுக்கும் பொதுவானவை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் முடிபவை நாடுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் உரியவை. இந்தியாவுக்கு இன், இலங்கைக்கு எல்.கே., சிங்கப்பூருக்கு எஸ்.ஜி., மலேசியாவுக்கு எம்.ஒய். என்று இவை பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளன.

நமது டாட் இன் 1989-ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் நீண்ட காலம் சாதாரண ஆட்களால் அதை எளிதாக வாங்க முடியவில்லை. நிபந்தனைகள் அதிகம். 2004 முடியும் வரை சுமார் 7,000 பெயர்களே பதிவாகியிருந்தன. 2005-ஆம் ஆண்டு நிக்சி எனப்படும் நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியாவின் பொறுப்பில் புதிய ஏற்பாடு வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கதவு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு பதிவுகள் பல லட்சங்களாகப் பெருகின.

காசியும் டாட் இன், ராமேஸ்வரமும் டாட் இன்

இப்போது ஓர் உதாரணம். ராமேஸ்வரத்தில் உங்களுக்கு ஒரு சிறிய லாட்ஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு டாட் இன் முகவரி வாங்கிவிட்டீர்கள். சர்ச் இன்ஜின் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளும்?

"இது இந்தியாவில் இருப்பவர்களுக்கான தளம்" என்று தெரிந்துகொள்ளும். நாட்டுக் குறியீடு ஒரு வலுவான அடையாளம் என்பதைக் கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்புகளில் சொல்கிறது. இந்தியாவில் இருந்து ஒருவர் தேடும்போது அந்த அடையாளம் உங்களுக்குச் சாதகம்தான்.

ஆனால் அந்த அடையாளம் நாட்டோடு நின்றுவிடும். ஊரைச் சொல்லாது. ராமேஸ்வரம் லாட்ஜும் டாட் இன், காசியில் இருக்கும் லாட்ஜும் டாட் இன், டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எல்லா ஊர் லாட்ஜுக்கும் புக்கிங் எடுக்கும் பெரிய கம்பெனியும் டாட் இன் வைத்திருக்கலாம். எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தனுஷ்கோடி முனையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே உள்ள கடைக்கு டாட் எல்.கே. கிட்டத்தட்ட நாட்டின் மறு கோடியில் இருக்கும் காசி டாட் இன். டொமைன் பெயருக்குத் தெரிந்த தூரக் கணக்கு அவ்வளவுதான்.

ஆகவே முதல் பாடம்: நாட்டைச் சொல்வது டொமைன். ஊரைச் சொல்ல வேண்டியது நீங்கள்.

உங்களைத் தேடப் போவது யார்?

டாட் காமா, டாட் இன்னா என்று முடிவு செய்வதற்கு முன், கடை எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள். வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டத்திலேயே மூன்று விதமான கடைகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, மேலே சொன்ன ராமேஸ்வரம் லாட்ஜ். வருபவர்களில் பெரும்பகுதி உள்நாட்டு யாத்ரீகர்கள். கங்கை நீரோடு காசியிலிருந்து வருபவரும், அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய மதுரையிலிருந்து வருபவரும் இந்தியாவில் இருந்துதான் தேடுகிறார்கள். இவருக்கு டாட் இன் மிகப் பொருத்தம்.

இரண்டு, ராமநாதபுரத்தில் குண்டு மிளகாய் வியாபாரி. இப்போது பெரும்பாலும் சென்னை, கோவை வாடிக்கையாளர்கள்தான் என்றால் டாட் இன் போதும். நாளைக்கு மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் டாட் காமையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இந்த மிளகாய் "ராமநாதபுரம் முண்டு மிளகாய்" என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரை அப்படியே டொமைனாகப் பதிவு செய்துகொண்டால் அது தனக்கே சொந்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் பொது. உங்கள் கடைப் பெயர்தான் உங்களுக்குச் சொந்தம்.

மூன்று, கீழக்கரையில் ஒரு பரிசுப் பொருள் கடை. பொருள் போய்ச் சேர வேண்டிய வீடு உள்ளூரில். ஆர்டர் கொடுப்பவரோ துபாயில் வேலை பார்க்கும் மகன். அவர் தேடுவது துபாயிலிருந்து. இந்தக் கடைக்கு டாட் இன் மட்டும் என்றால், அந்த நாட்டுக் குறியீடு அவருக்கு உதவியாக இராது. டாட் காம் பொதுவானது என்பதால் எந்த நாட்டுக்கும் ஒதுங்கி நிற்காது. இவர் டாட் காமை முதலாவதாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் டாட் காம் தளம் வைத்திருந்தாலும் "என் வாடிக்கையாளர்கள் இந்தியாவில்" என்று கூகுளிடம் தனியாகக் குறித்துக் கொடுக்க ஒரு வசதி இருந்தது. 2022-இல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது டாட் காம் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் உள்ள முகவரி, மொழி, ரூபாய் விலை ஆகியவற்றின் மூலம்தான் நாட்டைத் தெரிவிக்க முடியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "கூகுளின் இந்திய முகவரியில் தேடினால் இந்தியத் தளம், காம் முகவரியில் தேடினால் உலகத் தளம்" என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 2017 முதல் தேடுபவர் இருக்கும் இடத்தைப் பார்த்தே முடிவுகள் தரப்படுகின்றன. 2025-இல் நாட்டு முகவரிகளை எல்லாம் டாட் காமுக்கே திருப்பிவிடப் போவதாகக் கூகுள் அறிவித்தது. இவையெல்லாம் கூகுளின் சொந்த முகவரி பற்றியவை. உங்கள் தளத்தின் டாட் இன்னுக்கு உள்ள மதிப்பு இதனால் குறையவில்லை.

டாட் இன், டாட் கோ டாட் இன் இரண்டில் எது என்றும் கேட்பார்கள். இரண்டும் இந்தியாவைத்தான் குறிக்கும். சிறியது எதுவோ அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் மற்றதை எடுக்கலாம். "கோ" மட்டும் தனியாக, பின்னால் இன் இல்லாமல் வந்தால் ஏமாறாதீர்கள். அது கொலம்பியா நாட்டின் குறியீடு. டி.வி. என்பது துவாலு என்ற தீவு நாட்டினுடையது. உலகெங்கும் இவற்றை வேறு பொருளில் வாங்கிப் பயன்படுத்துவதால் கூகுள் இவற்றைப் பொதுவானவையாகவே கருதுகிறது.

ஸ்பெல்லிங் தொல்லை

நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் இது பெரிய பிரச்சினை. ராமேஸ்வரம் என்பதை ஆங்கிலத்தில் எஸ் மட்டும் போட்டு எழுதுபவர்கள் உண்டு. எஸ், எச் இரண்டும் போட்டு எழுதுபவர்களும் உண்டு. ராமநாதபுரத்தை முழுதாக எழுதுபவர் ஒருவர், ராம்நாட் என்று பழைய வழக்கப்படி சுருக்குபவர் இன்னொருவர். கீழக்கரைக்கு இரண்டு ஈ-யா, ஓர் ஐ-யா?

தேடும்போது இது பெரிய விஷயமில்லை. எப்படி எழுதினாலும் சர்ச் இன்ஜின் ஓரளவு புரிந்துகொள்ளும். ஆனால் அட்ரஸ் பாரில் நேராக டைப் செய்பவருக்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு தளம் வந்துவிடும், அல்லது ஒன்றுமே வராது. எனவே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் டொமைன் பெயரை உறவினர் ஒருவருக்குப் போனில் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாக விளக்காமலே அவர் சரியாக எழுதினால் அந்தப் பெயரை வாங்கலாம். இரண்டு தடவை திருத்த வேண்டியிருந்தால் வேறு பெயர் பாருங்கள். நடுவில் கோடு போடுவதையும் எண்கள் சேர்ப்பதையும் கூடியவரை தவிருங்கள்.

"ராமேஸ்வரம் மலிவு நல்ல லாட்ஜ்" என்பது போல் தேடும் சொற்களையெல்லாம் கோத்து டொமைன் வாங்கினால் முதலிடம் வரும் என்பது பழைய நம்பிக்கை. அப்படிச் சொற்களுக்காகவே வைத்த தரமற்ற தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2012-லேயே செய்துவிட்டது.

தமிழிலேயே டொமைன்

கடைசிப் பகுதியும் தமிழ் எழுத்திலேயே இருக்கும் நாட்டுக் குறியீடுகள் மூன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமா? டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர். மூன்றையும் தமிழ் எழுத்தில் அப்படியே அட்ரஸ் பாரில் டைப் செய்யலாம். 2010, 2011 ஆண்டுகளில் இவை அந்தந்த நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டன.

உள்ளுக்குள் கம்ப்யூட்டர் இந்தத் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துகளாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். சில சாஃப்ட்வேர்களில் காப்பி செய்து ஒட்டும்போது தமிழ் மறைந்து, எக்ஸ், என் என்று தொடங்கும் புரியாத எழுத்துகள் தெரியும். அது வைரஸ் அல்ல, பயப்பட வேண்டாம். சில விண்ணப்பங்களில் தமிழ் முகவரியை மெயிலுக்கு ஏற்றுக்கொள்வதும் இல்லை. மேலும், ராமேஸ்வரம், இராமேஸ்வரம், ராமேசுவரம் என்று தமிழிலும் மூன்று விதம் இருக்கிறதே! ஆகவே தமிழ்ப் பெயரை இரண்டாவது பெயராக வைத்து, முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடுவது இப்போதைக்கு வசதி.

ஓர் எழுத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை

டொமைன் பெயர் வெறும் முகவரிதானே என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், சிஃபி என்ற சொல்லை வைத்து 1999-இல் பல டொமைன் பெயர்களைப் பதிவு செய்திருந்தது. பின்னர் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் என்ற வேறொரு நிறுவனம், ஆங்கிலத்தில் எஃப் எழுத்தை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு டொமைன் வாங்கியது. வழக்கு பெங்களூரு நீதிமன்றத்தில் தொடங்கி, கர்நாடக உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்தைப் போலவே சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் பயன்படுத்திவந்த சத்யம் இன்ஃபோவேக்கே வெற்றி.

டாட் இன் பெயர்களுக்கென்று தனியே ஒரு தகராறு தீர்க்கும் முறையும் 2005 முதல் இருக்கிறது. உங்கள் கடைப் பெயரை வேறொருவர் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து வைத்திருந்தால், நடுவர் முன்னிலையில் முறையிடலாம். ஆனால் அதற்கும் செலவு உண்டு. முன்கூட்டியே சில நூறு ரூபாய் கட்டிப் பெயரை வாங்கி வைப்பதுதான் மலிவு.

பெயர் யார் கையில்?

சிறு கடைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சைட் செய்து தருபவர் "எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்பார். டொமைனையும் தன் பெயரில், தன் மெயில் முகவரியில் பதிவு செய்துவிடுவார். சைட் நன்றாக ஓடும். இரண்டு வருடம் கழித்து அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அல்லது போன் எண் மாறியிருக்கும். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவருக்குத்தான் போகும். நாள் கடந்துவிட்டால் பெயர் போய்விடும். விசிட்டிங் கார்டு, பில் புக், கடை போர்டு எல்லாவற்றிலும் அச்சிட்ட முகவரியில் நாளைக்கு வேறு யாரோ இருப்பார்கள். பல வருடம் சேர்த்த தேடல் மதிப்பும் அதோடு போகும்.

எனவே இவற்றை மறக்காதீர்கள்.

1. டொமைனை உங்கள் பெயரில் அல்லது கடையின் பெயரில் பதிவு செய்யுங்கள். மெயில் முகவரியும் போன் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். அடையாளச் சான்று கேட்டால் உங்களுடையதையே கொடுங்கள்.

2. டொமைன் வேறு, ஹோஸ்டிங் வேறு. முன்னது பெயர், பின்னது தளத்தை வைக்கும் இடம். இரண்டுக்கும் பணம் தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கலாம்.

3. முதல் வருடச் சலுகை விலையை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே தடவையில் 10 வருடம் வரை பதிவு செய்துகொள்ளலாம்.

4. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். முடிவுத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

5. டாட் இன், டாட் காம் இரண்டும் வாங்கினால் இரண்டிலும் ஒரே பக்கங்களைத் தனித்தனியாக வைக்காதீர்கள். ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதை நிரந்தரமாக அதற்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள்.

ஊரைச் சொல்வது எப்படி?

டொமைன் வேலை முடிந்தது. இனி ஊரைச் சொல்லும் வேலை. முதலில் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவச வசதியில் உங்கள் கடையைப் பதிவு செய்யுங்கள். 2021 வரை இதற்குக் கூகுள் மை பிசினஸ் என்று பெயர். போன், மெயில், வீடியோ போன்ற ஏதாவது ஒரு வழியில் கடை உங்களுடையதுதானா என்று சரிபார்ப்பார்கள். பிறகு கடை மேப்பில் தெரியும். அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்தும்போது தேடிய சொல்லோடு உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடையின் பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் கூறுகிறது. இந்த மூன்றிலும் டாட் இன் என்பதோ டாட் காம் என்பதோ இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, உங்கள் தளத்தின் எல்லாப் பக்கங்களின் அடியிலும் முழு முகவரியைப் படமாக இல்லாமல் எழுத்தாகவே போடுங்கள். தெரு, ஊர், ராமேஸ்வரம் என்றால் பின்கோடு 623526, எஸ்.டி.டி. எண் 04573 என எல்லாம் இருக்கட்டும். பிசினஸ் புரொஃபைலிலும் விசிட்டிங் கார்டிலும் இதே முகவரி இதே போல் இருக்கட்டும். "பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வருவது, அக்னி தீர்த்தத்துக்கு எவ்வளவு தூரம், வண்டி நிறுத்த இடம் உண்டா" என்று வருபவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள். வடநாட்டு யாத்ரீகர் அதிகம் என்றால் இந்தியிலும் ஒரு பக்கம் வையுங்கள். ஊர்ப் பெயரை ஐம்பது தடவை திரும்பத் திரும்ப எழுதுவதைவிட இது பலமடங்கு பலன் தரும்.

வாங்கும்போதும் கவனியுங்கள்

இதுவரை விற்பவர் பக்கம் பார்த்தோம். தேடி வாங்குபவராகவும் உங்களுக்கு இந்த அறிவு உதவும். ஒரு முகவரியைப் படிக்கும்போது வலமிருந்து இடமாகப் படியுங்கள். ராமநாதசுவாமி கோயிலின் அதிகாரப்பூர்வத் தளம் இந்து சமய அறநிலையத் துறையின் முகவரிக்குள், டி.என். டாட் ஜி.ஓ.வி. டாட் இன் என்ற முடிவோடு இருக்கிறது. ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும் முகவரி அரசுக்கு மட்டுமே கிடைக்கும். அந்த எழுத்துகள் முகவரியின் நடுவில் வந்து, கடைசியில் வேறு ஏதோ இருந்தால் அது அரசுத் தளம் அல்ல. பூஜைக்கோ தங்கும் அறைக்கோ பணம் கட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதே காரணத்துக்காகத்தான் வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

ஆக, வாடிக்கையாளர் இந்தியாவில் என்றால் டாட் இன், கடல் தாண்டி என்றால் டாட் காம், முடிந்தால் இரண்டும். எதுவானாலும் பெயர் உங்கள் கையில் இருக்க வேண்டும், ஊர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்று மாலையே உங்கள் கடைப் பெயர் டாட் இன்னில் காலியாக இருக்கிறதா என்று ஏதாவது ஒரு பதிவு நிறுவனத்தின் தளத்தில் டைப் செய்து பாருங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. அதற்கு முன்னால், அந்தப் பெயரை ஒருவருக்குப் போனில் சொல்லிப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.